“எல்லாம் வண்டியிலேயே இருக்கிறது”: வொயிட் ரிம் பாதைக்கு எடுத்த வாடகை ஜீப்

கடந்த அக்டோபர் மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வொயிட் ரிம் பாதையை மூன்று பகலும் இரண்டு இரவுமாகச் சுற்றி வந்தோம். அதற்காக மோவாப் நகரில் ஒரு ஜீப்பையும், அதனுடன் கூடாரம், அடுப்பு, குளிர்பெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் முதலியவை அடங்கிய முகாம் சாமான்களையும் ஒரே கடையில் வாடகைக்கு எடுத்தோம். நானும் என் மனைவியும் ஜீப்பில் சென்றோம். கல்லூரிக் காலத்து நண்பரும் அவருடைய தம்பியும் மலைச் சைக்கிள்களில் வந்தார்கள். சைக்கிளில் வருபவர்களுக்கான தண்ணீர், சாப்பாடு, படுக்கை எல்லாமே ஜீப்பில்தான் வர வேண்டும் என்பதால், அந்த வண்டி எங்கள் நால்வருக்கும் வீடாகவும் பட்டறையாகவும் இருந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் கொடுப்பேன். அதற்குள் அவர்கள் அடுக்கித் தந்த சாமான்களுக்கு நாற்பதுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

கடையின் பெயரைக் குறிப்பிடப்போவதில்லை. குறைகளை உரிமையாளரிடமே நேரில் சொல்லியாகிவிட்டது. மேலும், “சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினால் போதும், மற்றதெல்லாம் வண்டியிலேயே இருக்கிறது” என்று சொல்லும் சேவை அவ்வூரில் இந்த ஒரு கடையோடு நிற்பதில்லை. ஆகவே இந்த மதிப்பீடு அந்த வகைச் சேவையைப் பற்றியது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பாதையைப் பற்றிச் சிறிது சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் வந்து கூடும் இடத்துக்கு வடக்கே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் ஐலண்ட் இன் த ஸ்கை என்ற உயரமான மேட்டுநிலம் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து சுமார் 1,200 அடி கீழே, திண்ணை போல ஒரு வெண்ணிற மணற்கல் படுகை மேட்டைச் சுற்றி ஓடுகிறது. அந்தத் திண்ணையின் மேல் போகும் பாதைதான் வொயிட் ரிம். முழுச் சுற்று ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். 1950களில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆதரவில் யுரேனியம் தேடுபவர்களுக்காகப் போட்ட வழி இது. தேடியவர்களுக்கு இந்தப் பகுதியில் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. வழி மட்டும் மிஞ்சியது. 1964இல் இவ்விடம் தேசியப் பூங்காவானது. இன்றும் அது மண்ணும் கல்லுமான பாதைதான். வழியில் குடிநீர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, கடை கிடையாது, பெரும்பாலான இடங்களில் கைப்பேசித் தொடர்பும் கிடையாது. முகாம் இடங்களில் குழிக் கழிப்பறை உண்டு. வேறு வசதி எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

அனுமதிச் சீட்டு இல்லாமல் இப்பாதையில் இறங்கக் கூடாது. ஒரே நாளில் போய்த் திரும்புவதானாலும் சீட்டு வேண்டும். அது மோட்டார் வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 50, சைக்கிள்களுக்கு 50 என்ற கணக்கில்தான் தரப்படுகிறது. இரவு தங்குவதற்கான சீட்டைப் பல மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. முன்பதிவுக்கு 36 டாலரும், ஒருவருக்கு ஓர் இரவுக்கு 5 டாலருமாகக் கட்டினோம். முகாம் இடங்கள் மொத்தம் இருபதுதான். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அவை திருவிழாக் காலத்து ரயில் டிக்கெட் போலப் பறந்துவிடுகின்றன. கடைக்காரர்கள் வண்டியைத் தருவார்களே தவிர, சீட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். இணையத்தில் வண்டியை மட்டும் பதிவு செய்துவிட்டு, சீட்டு தனி என்பதே தெரியாமல் வந்து நின்ற ஒரு குடும்பத்தைக் கடை வாசலிலேயே பார்த்தோம். வண்டியைப் பதிவு செய்யும் பக்கத்திலேயே இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். இது நான் கடைக்குச் சொல்லும் முதல் குறை.

விமான நிலையங்களில் கிடைக்கும் சாதாரண வாடகை வண்டியில் ஏன் போகக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது என்பது அந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக உள்ள நிபந்தனை. அதையும் மீறி இறங்க நினைத்தாலும் பூங்கா அனுமதிக்காது. உயரமான கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி), சக்கரங்களை மெதுவாக, ஆனால் அதிக விசையோடு சுழற்றும் லோ ரேஞ்ச் கியருடன் கூடிய நான்கு சக்கர இயக்கமும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இங்கே இடம். பெயரளவில் நான்கு சக்கரமும் சுழலும் நகரத்து வண்டிகள் இதில் சேராது. திறந்த வகை ஏ.டி.வி. வண்டிகளுக்கும் அனுமதியில்லை. வளர்ப்பு நாயை வண்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும் கூட்டிச் செல்லக் கூடாது.

மோவாபின் ஜீப் வாடகைக் கடைகள் இந்த மண் பாதைகளுக்கென்றே வண்டி வைத்திருப்பவை. ஆனால் ஒப்பந்தத்தை நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். எங்கள் கடை எந்தெந்தப் பாதைகளுக்குப் போகலாம், எவற்றுக்குப் போகக் கூடாது என்று ஒரு பட்டியலை இணைத்திருந்தது; வொயிட் ரிம் அனுமதிக்கப்பட்டவற்றில் இருந்தது. டயர், சக்கர வளையம், வண்டியின் அடிப்பகுதி ஆகியவற்றுக்கு நேரும் சேதம் முழுக்க எங்கள் பொறுப்பு என்றும், பாதையில் வண்டி நின்றுவிட்டால் இழுத்து வரும் செலவும் எங்களுடையதே என்றும் எழுதியிருந்தது. இழுவைக் கட்டணம் பெரும்பாலும் 1,000 டாலரைத் தாண்டும் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. கடன் அட்டையோடு வரும் வாடகை வண்டிக் காப்பீடும் பொதுவாக இத்தகைய பாதைகளுக்குப் பொருந்தாது. இவ்விஷயத்தில் கடையில் இருந்த பெண்மணி எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து விளக்கினார். அதற்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

வண்டி நான்கு கதவுள்ள ஜீப் ராங்ளர் ரூபிகான். இதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. 33 அங்குல டயர்கள் புதியவையாக இருந்தன. ஒரு சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றாலும் அதே அச்சின் மறு சக்கரம் வண்டியை நகர்த்தும்படி இரண்டையும் பிணைக்கும் டிஃபரென்ஷியல் லாக், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியாக உண்டு. லோ ரேஞ்சில் பிரேக்கைத் தொடாமலேயே வண்டி நடை வேகத்தில் இறங்கும். 21.5 கேலன், அதாவது 81 லிட்டர் பெட்ரோல் கொள்ளும் தொட்டி. மோவாபிலிருந்து புறப்பட்டு மோவாபுக்கே திரும்பியபோது அதில் மூன்றில் ஒரு பங்கு மீதமிருந்தது. இருந்தாலும் வாடகைக்குக் கொடுத்த கூடுதல் பெட்ரோல் கேனை வேண்டாமென்று சொல்லவில்லை. லோ ரேஞ்சில் இயந்திரம் சுழல்வது அதிகம், வண்டி நகர்வது குறைவு. ஏதாவது ஒரு காரணத்தால் பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் கணக்கு மாறிவிடும். வாடகை நாளொன்றுக்கு 300 டாலரைச் சற்றுத் தாண்டியது. முகாம் சாமான்களுக்குத் தனிக் கட்டணம்.

இனிக் கடை முற்றத்துக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் எங்களைக் காப்பாற்றியதும் அங்கே செலவிட்ட ஒரு மணி நேரம்தான், காலை வாரிவிட்டதும் அந்த மணி நேரத்தில் நாங்கள் செய்யத் தவறிய ஒரே ஒரு காரியம்தான். சாவியைக் கொடுத்த இளைஞர் பத்து நிமிடத்தில் எங்களை அனுப்பிவிட ஆயத்தமாக இருந்தார். நண்பரின் தம்பிக்கு எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பும் பழக்கமில்லை. பின்கதவில் மாட்டியிருந்த ஸ்டெப்னியில் காற்றுமானியை வைத்துப் பார்த்தார். காற்றழுத்தம் 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) காட்டியது, மற்ற நான்கிலும் 37. வெளியே தொங்கும் ஸ்டெப்னியை யாரும் மாதக்கணக்கில் கவனிப்பதில்லை என்பது தெரிந்ததே. ஆனால் இது பாலைவனப் பாதைக்கென்றே வாடகைக்கு விடும் வண்டி. கடையிலேயே காற்று நிரப்பிக்கொண்டோம்.

அடுத்து, சக்கரத்தின் நட்டுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஐந்தில் ஒன்று திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு. அதைக் கழற்ற, வீல் ஸ்பானரின் முனையில் மாட்டுவதற்குப் பூப்போன்ற பள்ளம் வெட்டிய ஒரு சிறு சாவி வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டு அது. அது இல்லையென்றால் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் இருந்தும் சக்கரத்தைக் கழற்ற முடியாது. முன்புறப் பெட்டியில் தேடினோம், கருவிப் பையில் தேடினோம், இருக்கைக்கு அடியிலும் தேடினோம், கிடைக்கவில்லை. இளைஞர் உள்ளே போய், கால் மணி நேரம் கழித்து, வேறொரு ஜீப்பின் கதவுப் பையிலிருந்து அதை எடுத்து வந்தார். முகத்தில் ஒரு சங்கடச் சிரிப்பு. ஸ்பானரில் மாட்டி ஒரு நட்டைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கிப் பார்த்த பிறகுதான் தம்பி அதை ஏற்றுக்கொண்டார். ஜாக்கியையும் வெளியே எடுத்து, உயரம் போதுமா என்று அச்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். மணலில் ஜாக்கி புதையாமலிருக்க அடியில் வைக்கும் பலகையைக் கடை தரவில்லை. கடைக்குப் பின்னால் கிடந்த ஒரு தடித்த மரத்துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

கம்ப்ரஸரைப் பெட்டியைத் திறந்து பார்த்தோம், இருந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு காரியத்தைத்தான் தவறவிட்டோம்.

தண்ணீரில் மட்டும் கடைக்காரரின் கணக்கை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பது குறைந்தபட்ச அளவு. வெயிலில் சைக்கிள் மிதிப்பவருக்கு அது போதாது. சமையலும் பாத்திரம் கழுவுவதும் வேறு இருக்கின்றன. ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் என்று வைத்து, மேற்கொண்டு ஒரு நாளைக்கும் சேர்த்து ஏறத்தாழ 100 லிட்டர் எடுத்துக்கொண்டோம். கடை தந்த நீல நிறக் கேன்கள் உறுதியானவை. மூடியில் ஒழுகல் இல்லை. ஆனால் உள்ளே பிளாஸ்டிக் வாடை மூக்கைத் துளைத்தது. இரண்டு முறை கழுவியும் போகவில்லை. எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் போட்டுத்தான் குடித்தோம், உடலுக்கும் அதுதான் நல்லது. வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்கும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வழியில் ஆறு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அந்த ஆறுகளின் நிறத்தைப் பார்க்க வேண்டும்: செம்மண் கரைந்த குழம்பு போன்ற நீர், வடிகட்டியைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும். பாதையும் அவற்றுக்கு மேலே வெகு உயரத்தில்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

முகாம் சாமான்களில் அடுப்பும் உறங்கும் பைகளும் நன்றாக இருந்தன. அக்டோபரில் பகலில் அரைக்கைச் சட்டை போதும். இரவில் கம்பளித் தொப்பி வேண்டும். இந்தப் பாலைவனத்தில் ஒரே நாளில் வெப்பநிலை இருபது டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி இறங்குவது வழக்கமானது. உறங்கும் பைகளின் தரத்தில் கடை சிக்கனம் பார்க்கவில்லை. கூடாரமும் தானாக நிற்கும் வகை என்பதால் தப்பித்தோம். தரைக்குக் கொடுத்த மெல்லிய அலுமினிய முளைகள் அங்கே பயன்படவில்லை. பாறைக்கு மேல் இரண்டு விரல் மண்தான், அடித்த முதல் முளையே வளைந்துவிட்டது. கயிறுகளைக் கற்களில் கட்டி நிறுத்தினோம். நீளமான கயிறும் நாலைந்து வெற்று மணல் பைகளும் கொடுத்திருந்தால் முளைகளே தேவைப்பட்டிருக்காது.

சைக்கிள்கள் எங்களுடையவை, டென்வரிலிருந்து காரில் கட்டி எடுத்து வந்தோம். அவற்றின் தயாரிப்பு தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். ட்யூப் இல்லாத டயர்களுக்குள் ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம் இந்த வறண்ட காற்றில் விரைவாக உலர்ந்துபோகும் என்பதால், புறப்படும் வாரத்தில் புதிதாக ஊற்றினோம். செயினுக்குப் பிசுபிசுப்பான எண்ணெய் போட்டால் மாலைக்குள் அது மண்பூசிய கயிறாகிவிடும். உலர்ந்த வகை எண்ணெய்தான் சரி. பிரேக் பட்டைகளைப் புதிதாக மாற்றியிருந்தோம். உதிரி ட்யூபுகள், செயின் இணைப்பு, பின் கியரைத் தாங்கும் கொக்கி ஆகியவையும் இருந்தன. இவற்றோடு நண்பர் தம்முடைய நின்று அடிக்கும் சைக்கிள் பம்பையும் ஜீப்பில் ஏற்றினார். கம்ப்ரஸர் இருக்கும்போது இது எதற்கு, இடத்தை அடைக்கிறது என்று நான்தான் முணுமுணுத்தேன்.

செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியைக் கடையிலும் வாடகைக்குத் தருகிறார்கள்; எங்களிடம் கார்மின் இன்ரீச் மினி 2 இருந்ததால் எடுக்கவில்லை. 100 கிராம் எடை, சட்டைப் பையில் அடங்கும், இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்தி போகும், ஆபத்து நேரத்தில் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. இதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும் என்பதையும், வானம் அகலமாகத் தெரிந்தால்தான் செய்தி விரைவாகப் போகும், பாறைச் சுவரை ஒட்டி நின்றால் தாமதமாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடையில் வாடகைக்கு எடுப்பவர்கள் முற்றத்தை விட்டு நகர்வதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வாங்கிவிடுவது நல்லது. காகித வரைபடம் ஒன்றும் எடுத்துக்கொண்டோம். பூங்காவின் தகவல் மையத்தில் கடைசியாகத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்போது, அதிலேயே எந்த இடத்தில் மணல் ஆழமாக இருக்கிறது என்று பூங்காக் காவலரான ரேஞ்சர் ஒருவர் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

முதல் நாள் ஷேஃபர் வளைவுகள் வழியாக இறங்கினோம். மேட்டின் செங்குத்துச் சுவரில் மடித்து மடித்து வெட்டிய வழி அது. முன்பு பழங்குடி மக்கள் நடந்த தடம், பிறகு பண்ணைக்காரர்கள் மாடு ஓட்டிய தடம், அதற்கும் பிறகு யுரேனிய லாரிகளுக்காக அகலப்படுத்தப்பட்டது. அகலம் என்றாலும் எதிரில் ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்கியாக வேண்டும், ஏறி வருபவருக்கே முன்னுரிமை. இறங்குவதற்கு முன்பே டயர்களின் காற்றை 37இலிருந்து 24ஆகக் குறைத்துக்கொண்டோம். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் அகலமாகப் படியும். கூர்மையான கல்லின் மேல் ஏறும்போது விறைத்து நின்று கிழிபடாமல், கல்லைச் சுற்றி வளைந்துகொடுக்கும். சலவைப் பலகை போன்ற வரிவரியான மண் பாதையில் உடல் குலுங்குவதும் குறையும். இதைக் கடைக்காரரே வரைபடம் போட்டு விளக்கியிருந்தார். ஆனால் குறைத்த காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். அதற்கான கருவி சரியாக இருந்தால்தான் அந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு.

முதல் இரவு கூஸ்பெரி முகாமில் கழிந்தது. இரண்டாம் நாள் காலை பதினொரு மணியளவில், மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்துக்குச் சற்று முன்னால், வண்டி இடப்பக்கமாக இழுப்பதை உணர்ந்து நிறுத்தினேன். பின் இடது டயரில் காற்று 8க்கு வந்திருந்தது. டயரின் மேல் புடைத்திருக்கும் பட்டன்களுக்கு நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துருப்பிடித்த ஓர் இரும்புத் துண்டு. யுரேனியம் தேடியவர்கள் விட்டுப்போனதாக இருக்கலாம் என்று நண்பர் சொன்னதை அப்போது யாரும் ரசிக்கவில்லை. ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் மீதிப் பாதை முழுவதற்கும் கையில் வேறு எதுவும் இருக்காது. ஓட்டை டயரின் நடுப்பகுதியில் இருந்ததால் அடைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். துண்டைக் குறடால் பிடுங்கி, துளையை அரத்தால் தேய்த்து, பசை தடவிய பஞ்சர் திரியை ஊசியில் கோத்துக் குத்தி இறக்கினார் தம்பி. எச்சிலைத் தடவிப் பார்த்தோம், குமிழி வரவில்லை.

கம்ப்ரஸரை எடுத்து, முன்புறச் சாக்கெட்டில் சொருகி ஓட்டினோம். இரண்டு நிமிடம் கடகடவென்று ஓடியது, பிறகு சத்தமில்லை. சாக்கெட்டின் ஃப்யூஸ் போய்விட்டது. குளிர்பெட்டியின் ஒயரும் அதே சாக்கெட்டில் மாட்டிய இரட்டைச் சொருகியில்தான் இருந்தது என்பதால் அதுவும் நின்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டியது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரட்டைச் சொருகியை அங்கே மாட்டித் தந்தது கடை. உதிரி ஃப்யூஸ் ஒன்றுகூடப் பெட்டியில் இல்லை. அதைவிட அடிப்படையான குறை, 33 அங்குல டயருக்குச் சாக்கெட்டில் சொருகும் சிறு கம்ப்ரஸரைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய டயரை நிரப்பும் கருவி நிறைய மின்சாரம் இழுக்கும். அதனால்தான் அதற்கென்று உள்ள கம்ப்ரஸர்களில் பேட்டரி முனைகளில் நேரடியாகப் பொருத்தும் கவ்விகள் இருக்கின்றன. நகரத்துக் காரின் டயரில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. ஏற்றுவதற்கான பொருளை இங்கே வைத்திருக்கிறார்கள்.

மிஞ்சியது சைக்கிள் பம்பு. கார் டயரின் வால்வும் பல சைக்கிள்களில் உள்ள தடித்த வால்வும் ஒரே வகைதான் என்பதால் பம்பின் தலை அப்படியே பொருந்தியது. மலைச் சைக்கிளின் டயரோடு ஒப்பிட்டால் இது குளம்; ஐம்பது முறை அடித்த பிறகு மானியின் முள் இரண்டு கோடு நகர்ந்திருந்தது. ஆளுக்கு ஐம்பது என்று முறை வைத்தோம். என் மனைவி எண்ணிக்கொண்டே அடித்தார். நான் நாற்பதிலேயே நின்றுவிட்டேன். முந்நூறைத் தாண்டிய பிறகு முள் 22இல் வந்து நின்றது. பம்பின் அடிக்குழாய் தொட முடியாதபடி சுட்டது. நான்கு பேரும் வண்டியின் நிழலில் உட்கார்ந்து, வாடை வீசும் தண்ணீரைக் குறை சொல்லாமல் குடித்தோம். அந்தத் திரி மோவாப் வரைக்கும் அசையவில்லை.

மர்ஃபி ஏற்றத்தை வண்டி லோ ரேஞ்சில் சிரமமில்லாமல் ஏறியது. சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். அன்று இரவு கேண்டில்ஸ்டிக் முகாமில், குளிர்பெட்டி நின்றுபோனதால் தயிரை மறுநாளுக்கு வைக்க முடியாது என்று நாலு பேரும் தயிர்சாதமாகவே சாப்பிட்டு முடித்தோம். மூன்றாம் நாள் பாதை கிரீன் ஆற்றோரத்துக்கு இறங்குகிறது. வசந்தத்தில் ஆறு பெருகினால் இந்தப் பகுதி மூழ்கிவிடும். அக்டோபரில் ஆழமான பொடிமணல்தான் இருந்தது. ஹார்ட்ஸ்க்ராபிள் குன்றின் செங்குத்தான, குறுகலான ஏற்றத்தில் என் மனைவி இறங்கி முன்னால் நடந்து, சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று கையசைத்துக் காட்டினார். 2010 ஆகஸ்ட் மழையில் அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட மினரல் பாட்டம் வளைவுகளில் ஏறி மேட்டுக்கு வந்தபோது மாலை நான்கு மணி. ஈரத்தில் அந்தக் களிமண் சோப்பு போல வழுக்கும் என்கிறார்கள். எங்களுக்கு மழை வரவில்லை.

மேலே வந்து சுமார் 13 மைல் சரளைச் சாலையைக் கடந்தால் தார்ச்சாலை. அங்கே மெத்தென்ற டயர்களோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். நான்கு டயருக்கும் பம்பு அடிக்கும் தெம்பு எங்களுக்கு இல்லை. சாலைச் சந்திப்பில் இன்னொரு குழுவினர் தங்கள் வண்டிகளுக்குக் காற்றேற்றிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியில் கவ்விகளைப் பொருத்தும் அவர்களுடைய கம்ப்ரஸர் எங்கள் நான்கு டயர்களையும் கால் மணி நேரத்தில் 37க்குக் கொண்டுவந்தது. எங்களுக்கு அது வேண்டுமா என்று அவர்களாகவேதான் கேட்டார்கள். எங்கள் முகத்தில் எழுதியிருந்தது போலும்.

இந்தச் சேவையை எடுக்கலாமா என்றால், வண்டியை எடுக்கலாம் என்பேன். அடுப்பையும் உறங்கும் பைகளையும் எடுக்கலாம். கம்ப்ரஸர், பஞ்சர் திரிகள், உதிரி ஃப்யூஸ்கள், காற்றுமானி ஆகியவற்றை நீங்களே வாங்கி எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாள் சாமான் வாடகைக்கு நாங்கள் கொடுத்த பணத்துக்கு நல்ல கம்ப்ரஸர் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கியிருக்கலாம். வண்டியை வாங்கும் நாளில் முற்றத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். காற்றைக் குறைத்து, மீண்டும் ஏற்றிப் பார்த்தால்தான் கம்ப்ரஸரைச் சோதித்ததாகக் கணக்கு.

மறுநாள் காலை வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அதே இளைஞர் டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பத்து நிமிடம் பார்த்தார். பஞ்சர் திரிக்குக் கட்டணம் போடவில்லை. செம்மண்ணைக் கழுவும் செலவைச் சேர்த்தார்கள், அது ஒப்பந்தத்தில் இருந்ததுதான். உரிமையாளர் குறைகளைப் பொறுமையாகக் கேட்டு, சாமான்களின் ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தந்தார். கம்ப்ரஸர்களை மாற்றுவதாகவும் சொன்னார். நாங்கள் ரசீதுக்காகக் காத்திருந்தபோது முற்றத்தின் மறுகோடியில் வயதான தம்பதியர் ஒரு வெள்ளை ஜீப்புக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களிடம் போய் ஏதோ சொன்னார். அந்தப் பெரியவர் பேனாவை வைத்துவிட்டு, முன்புறப் பெட்டியைத் திறந்து, பூட்டு நட்டின் சாவியைத் தேட ஆரம்பித்தார்.